நிலைக்காலில் மூன்று பெட்டி

பழைய வீட்டை இடிக்கிறபோது மற்ற சாமான்களுக்கெல்லாம் வழி இருக்கிறது. நாட்டு ஓடுகளை எண்ணி எடுத்துக்கொள்ள ஆள் வருவார். உத்திரமும் கைமரமும் கன அடிக் கணக்கில் போய்விடும். ஜன்னல் கம்பி பழைய இரும்புக்கடைக்கு. வாசல் நிலையை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சொந்தபந்தத்தைக் கூட்டி நிறுத்திய மரம். விற்க வாய் வராது. புது வீட்டு இன்ஜினீயர் அளவு ஒத்துவரவில்லை என்பார். கடைசியில் மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைப்பார்கள். நாலைந்து மழை பார்த்த பிறகு வெந்நீர் அடுப்புக்குப் போகும்.

அதை அறுத்துப் பெட்டி செய்து, அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள் என்று நான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படிச் செய்வது என்று சிலர் திருப்பிக் கேட்கிறார்கள். டீ வரட்டும். கொஞ்சம் நீளமான விஷயம், அவசரமில்லாமல் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பழைய வாசல் நிலையின் கால் ஒன்று சுமார் ஏழு அடி இருக்கும், அதாவது 84 அங்குலம். கனம் வீட்டுக்கு வீடு மாறும். ஐந்துக்கு நாலு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கதவு வந்து உட்காருவதற்காக ஒரு மூலையில் அரை அங்குலம் படி வெட்டியிருப்பார்கள். அதைக் கழித்தால் நாலரைக்கு நாலு தேறும். நாம் செய்யப்போகும் பெட்டிக்கு 18 அங்குலத் துண்டு ஒன்று போதும். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் நாலு துண்டு வரும். ஆனால் நிலையின் அடிப்பகுதி தரைக்குள் புதைந்து, வாசல் தெளித்த தண்ணீரையெல்லாம் குடித்து, உளுத்துப் போயிருக்கும். மேல்முனையில் கழுந்து இருக்கும். நடுவில் கீல் பதித்த பள்ளம், சுவருக்குள் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளின் துளை. இதையெல்லாம் தள்ளி நல்ல இடமாகத் தேடினால் மூன்று பெட்டி நிச்சயம், நாலாவது அதிர்ஷ்டம். இரண்டு கால்கள் இருப்பதால் குடும்பம் பெரிதானாலும் கவலையில்லை.

இங்கேயே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். புது மரம் வாங்கினால் படம் வரைந்து, அளவு எழுதி, அதற்கேற்ப அறுப்போம். பழைய மரத்தில் அது தலைகீழ். எந்த இரண்டு ஆணித்துளைக்கு நடுவே எவ்வளவு சுத்தமான மரம் கிடக்கிறதோ, அதுதான் பெட்டியின் நீளம். முன்கூட்டியே 12 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டு மரத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் நல்ல மரத்தையும் வீணாக்கிவிடுகிறார்கள்.

அறுக்கக் கொண்டுபோவதற்கு முன் ஆணி தேட வேண்டும். பட்டறைக்காரர் பழைய மரத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஒரே ஒரு ஆணி அவருடைய பேண்ட்சா பிளேடைத் தின்றுவிடும். பழுதான ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, மரத்தின் நாலு முகத்திலும் மெதுவாக நகர்த்துங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் சாய்ந்து ஒட்டப் பார்க்கும். மாவிலைத் தோரணம் கட்ட அடித்தது, படம் மாட்ட அடித்தது, கொசுவலைக்கு அடித்தது என்று மூன்று தலைமுறை ஆணி வெளியே வரும். தலை ஒடிந்த ஆணியைக் குறடு பிடிக்காது. சுற்றிலும் மெல்லிய துளைகள் போட்டுக் கட்டையை இளக்கித்தான் எடுக்க வேண்டும். அந்த இடம் எப்படியும் பெட்டிக்கு உதவாது, ஆகவே அழகு பார்க்க வேண்டாம்.

ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் நிறம் அது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதே ரசாயனம்தான். ஆக்ஸாலிக் அமிலம் தடவினால் போய்விடும். எனக்கு அதைப் போக்குவதில் விருப்பமில்லை. அமிலம் விஷம் என்பது ஒரு காரணம். நிலையில் ஆணி இருந்தது என்று தெரிந்தால் என்ன குறைந்துவிடும் என்பது இன்னொன்று.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையும் மஞ்சளும் எதுவாக இருந்தாலும் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுக் காய்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் அது தூளாகி மூக்குக்குள் போகும், குழந்தை தவழும் தரையிலும் படியும். ஈரம் செய்து சுரண்டுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அடுப்பில் மட்டும் போட வேண்டாம். பெயின்ட்டே இல்லாத மரமானாலும் தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் அரிப்பு எடுக்கும்.

கட்டை உளுத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சின்னச் சின்ன வட்டத் துளைகளும், கீழே மாவு போல் தூளும் இருந்தால் உளு. பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துண்டைத் துடைத்து, கறுப்புத் துணியில் வைத்து, சில நாள் கழித்துப் பாருங்கள். புது மாவு விழுந்திருந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். நல்ல தேக்கில் உள்ளே இருக்கும் வைரத்தைப் பூச்சியும் செல்லும் சுலபத்தில் தொடாது. ஓரத்தில் வெளுத்துத் தெரியும் வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அந்த வெள்ளையை இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளிவிட்டால் தொல்லை முடிந்தது.

உங்கள் நிலை தேக்கா என்பதை வெட்டிய பிறகு மூக்கே சொல்லும். தோல் சாமானும் எண்ணெயும் கலந்த ஒரு வாசம் வரும். தேக்காக இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வேம்பு, பூவரசு, பலா, வேங்கை எதிலும் நல்ல பெட்டி செய்யலாம். பனங்கை மட்டும் வேண்டாம். உத்திரத்துக்கும் கைமரத்துக்கும் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் மெல்லிய பலகையாக அறுத்தால் இழை இழையாகப் பிரிந்து கையில் சிராய் ஏற்றும்.

இப்போது அறுப்பு. நாலு அங்குலக் கனத்தில் 17 மில்லிமீட்டர் பலகையாக ஐந்து வரும். ஏன் 17? இழைத்து முடிக்கும்போது 12 இருக்க வேண்டும். மீதி ஐந்தும் கோணலுக்குக் கொடுக்கும் காணிக்கை. எழுபது வருஷம் வாசலில் நின்ற மரமாயிற்றே, அது காயாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் நடுவே பிளந்து புது முகத்தில் காற்றுப் பட்டதும் லேசாக வளையும். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வாரமாவது விட்டுவிடுங்கள். வளைய வேண்டியதெல்லாம் அங்கேயே வளைந்து முடியட்டும். ஐந்து பலகைக்கும் வரிசை எண் போட மறக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

18 அங்குலத் துண்டு சுத்தமாகக் கிடைத்தால் பெட்டியின் வெளி அளவு 10 அங்குலத்துக்கு 7½ அங்குலம். நாலு பக்கத்தையும் ஒரே நீளப் பலகையில் வரிசையாக வெட்டினால் மரத்தின் ரேகை ஒரு மூலையில் திரும்பி அடுத்த பக்கத்தில் தொடரும். இப்படி மூன்று மூலைகள் ஒத்துப்போகும். நாலாவது மூலையில் பலகையின் தலையும் வாலும் சந்திப்பதால் ரேகை முறிந்துவிடும். பெரும்பாலானவர்கள் அந்த மூலையைப் பின்பக்கம் வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஆனால் நம்மிடம் இருப்பது கனமான கட்டை. அதை நடுவே பிளந்திருக்கிறோம். முதல் பலகையும் இரண்டாவது பலகையும் ரம்பம் புகுந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தவை. அந்த இரண்டு முகங்களையும் மேலே பார்க்கும்படி விரித்து வையுங்கள், மரத்தின் ஒரே விளிம்பு இரண்டிலும் மேல்பக்கம் இருக்கட்டும். ஒன்றின் ரேகை மற்றதில் கண்ணாடியில் பார்த்தபடி திரும்பியிருக்கும். இரண்டு பலகையிலும் இடது கைப்பக்கமிருந்து முதலில் 10 அங்குலம், அதன் பிறகு 7½ அங்குலம் வெட்டுங்கள். இப்போது முதல் பலகையின் நீளப்பக்கம், அதன் குறுக்குப்பக்கம், இரண்டாவது பலகையின் நீளப்பக்கம், அதன் குறுக்குப்பக்கம் என்று சுற்றி நிறுத்துங்கள். முதல் பலகையின் வலது முனை இரண்டாவது பலகையின் இடது முனையைச் சந்திக்கிறது. மரத்தில் இரண்டும் ஒரே இடம், முதுகோடு முதுகாக இருந்தவை. சுற்றிவந்து கடைசி மூலையிலும் அதேதான். நாலு மூலையிலும் ரேகை முறியாமல் ஓடும். பலகைகளை மாற்றிப் போட்டுவிட்டால் இது நடக்காது. வரிசை எண் கேட்டது அதற்காகத்தான். இழைக்கும்போதும், பெட்டியின் வெளிப்பக்கமாகப்போகும் இந்த உள்முகத்தைத் தொட்டும் தொடாமலும் இழைத்துவிட்டு, கனத்தைக் குறைக்கும் வேலையை மறுமுகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்முகத்தை அதிகம் சீவினால் ரேகை இடம் மாறிவிடும்.

மூன்றாவது, நாலாவது பலகைகள் மேல்மூடிக்கு. அவற்றையும் இப்படியே விரித்துப் பக்கவாட்டில் ஒட்டினால் மூடியின் நடுவே இடதும் வலதும் ஒத்த கோலம் கிடைக்கும். ஐந்தாவதை இன்னும் மெல்லியதாகப் பிளந்து ஐந்து மில்லிமீட்டர் தகடுகளாக வைத்துக்கொள்ளுங்கள், உள்வரிக்கு ஆகும். அடிப்பலகைக்கு நாலு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். பாரம்பரிய மரத்தில் செய்த பெட்டிக்கு பிளைவுட்டா என்று முகம் கோணாதீர்கள். பிளைவுட் மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. நாம் அடுத்துப் பேசப்போகும் தலைவலி அதில் இல்லை.

மரம் அசையும். செத்து, அறுபட்டு, நூறு வருஷம் ஆனாலும் அசையும். பழைய மரம் இனி ஆடாது என்று சொல்லும் கடைக்காரரை நம்பிவிடாதீர்கள். புது மரத்தைவிடக் குறைவாகப் படுத்தும், அவ்வளவுதான். வைக்கோல் கட்டு நனைந்தால் பருக்கும், நீளாது. மரமும் நீளவாட்டில் ஓடும் நுண்குழாய்களின் கட்டுதான். ஐப்பசி மழையில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு அகலத்தில் பருக்கும். சித்திரை வெயிலில் விட்டுவிட்டுச் சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட மாற்றமே இருக்காது. தேக்கு இந்த விஷயத்தில் சாதுவான மரம். இருந்தாலும் மரத்தின் ஈரம் நாலு சதவீதம் கூடினால், நம் மூடிப்பலகையின் 174 மில்லிமீட்டர் அகலம் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் பருக்கும். சின்ன எண்ணாகத் தெரியலாம். அதைத் தடுக்க நினைத்து நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால், ஒன்று மூலை வாய் பிளக்கும், அல்லது பலகை நடுவே வெடிக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்த பெட்டி தலைதீபாவளிக்கு வெடித்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் மூடிப்பலகையைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. பக்கச் சட்டங்களின் உட்புறம் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி எடுத்து, பலகையின் ஓரத்தை நாக்காகச் சீவி அதில் நுழைத்துவிடுகிறோம். நாக்கு நாலு மில்லிமீட்டர் உள்ளே போகும், ஒரு மில்லிமீட்டர் காலி இருக்கும். பங்குனி, சித்திரையில் செய்தால் ஒன்றரை விடுங்கள், மரம் இனிமேல்தான் பருக்கப்போகிறது. அடைமழையில் செய்தால் அரை போதும். ரேகை பெட்டியின் நீளவாட்டில் ஓடட்டும். குறுக்குப் பக்கங்களின் நடுமையத்தில் மட்டும் ஒரு சொட்டுப் பசை. அப்போது பலகை இரண்டு பக்கமும் சமமாக அசையும், கோலத்தின் நடுக்கோடும் நடுவிலேயே நிற்கும்.

இன்னொன்று: மூடிப்பலகைக்குப் பாலிஷ் போடுவதைக் காடிக்குள் நுழைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெட்டி டொராண்டோவில் இருக்கும் தங்கைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று வறண்டு, மரத்தின் ஈரம் நம் ஊரில் இருந்ததில் பாதிக்கு இறங்கிவிடும். மூடி இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். நாக்கு வெளியே வந்துவிடாது. ஆனால் பாலிஷ் படாத வெளிறிய கோடு ஒன்று இரண்டு ஓரத்திலும் எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்ததும் பெட்டி உடைகிறது என்று போன் வரும்.

மூலை இணைப்புக்கு வருவோம். பல்லோடு பல் கோத்துச் சேர்க்கும் டவ்டெயில்தான் உயர்ந்தது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. மேஜை இழுப்பறைக்கு அது வேண்டும், தினமும் இழுக்கிறோம். பரிசுப் பெட்டியை யாரும் அப்படி இழுக்கப்போவதில்லை. ரேகையை நாலு மூலையிலும் ஓடவிட்டுப் பாடுபட்ட பிறகு அதன் நடுவே டவ்டெயில் பற்களை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. 45 டிகிரியில் சீவிச் சேர்க்கும் மைட்டர்தான் இதற்குப் பொருத்தம். அதன் குறை, இரண்டு பக்கமும் மரத்தின் வெட்டுமுனை என்பது. வெட்டுமுனை பசையை உறிஞ்சிக் குடித்துவிடும், பிடி இருக்காது. முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பசை தடவிச் சில நிமிஷம் விட்டு, மறுபடி தடவிச் சேர்த்தால் ஓரளவு பிடிக்கும். முழுப் பலத்துக்கு, ஒட்டிக் காய்ந்த பிறகு மூலையில் குறுக்காக ரம்பத்தால் கீறி, அந்தக் கீறலில் மெல்லிய மரச்சில்லைப் பசையோடு செருக வேண்டும். பலாவில் செருகினால் தேக்குப் பழுப்பில் மஞ்சள் கோடாக நிற்கும். மூடிக்கு ஒன்று, உடம்புக்கு இரண்டு என்று மூலைக்கு மூன்று.

மைட்டர் வெட்டுவதில் கோணத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் நீளத்தில் முடியளவும் வித்தியாசப்படக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டையும் ஒட்டி நிறுத்தி நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் நகத்துக்குத் தெரியும். ஒட்டும்போது பெரிய கிளாம்பு எதுவும் தேவையில்லை. நாலு பக்கத்தையும் வெளிமுகம் மேலே தெரிய வரிசையாகப் படுக்கவைத்து, மூலைக்கு மூலை மாஸ்கிங் டேப் ஒட்டி, மொத்தமாகத் திருப்பிப் போட்டு, பசை தடவி, மூடியையும் அடியையும் காடியில் உட்காரவைத்தபடியே சுருட்டி மூடுங்கள். அதன் மேல் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றினால் போதும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் பெட்டி மூலைமட்டத்தில் இருக்கிறது.

பசை என்றால் இன்று ஃபெவிகால்தான். 1959-இல் வந்தது. அதற்கு முன் ஆசாரிமார் தோலும் எலும்பும் காய்ச்சிய வஜ்ஜிரத்தைத்தான் சூடாகத் தடவினார்கள். நாற்றம் தாங்காது, ஆனால் வெந்நீர் ஊற்றினால் விட்டுக்கொடுக்கும். பாட்டி காலத்து நாற்காலிகளை இன்றைக்கும் கழற்றிப் பழுதுபார்க்க முடிவது அதனால்தான். ஃபெவிகாலில் ஒட்டியது அப்படிப் பிரியாது, ஆகவே ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் ஒருமுறை முழுதாகச் சேர்த்துப் பாருங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டிவிட வேண்டும். ஒருநாள் முழுக்கத் தொடாதீர்கள்.

இப்போது உங்கள் முன் இருப்பது திறப்பே இல்லாத ஒரு கட்டை. பயப்பட வேண்டாம், வேண்டுமென்றே அப்படிச் செய்ததுதான். மேலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் சுற்றிக் கோடு கிழித்து, ரம்பத்தால் அறுத்து மூடியைப் பிரிக்கிறோம். மூடியும் உடம்பும் ஒரே மரத்திலிருந்து பிரிந்தவை என்பதால் மூடும்போது ரேகை ஒத்து உட்காரும். முழுக்க ஒரே மூச்சில் அறுக்காமல், கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கத்தியால் பிரியுங்கள். ரம்பம் துள்ளிக் கீறாது. அறுத்த விளிம்பைச் சமமாக்க, சமையல் மேடை கிரானைட்டில் உப்புத்தாளை விரித்து, பெட்டியைக் கவிழ்த்துத் தேயுங்கள். எந்தப் பக்கம் எதனோடு சேரும் என்பதற்குப் பென்சிலால் ஒரு அடையாளம்.

கீல் வைக்கலாமா? முதல் பெட்டிக்கு வேண்டாம் என்பேன். பித்தளைக் கீல் அழகுதான், ஆனால் அரை மில்லிமீட்டர் தவறிப் பதித்தாலும் மூடி கோணிக்கொள்ளும். பித்தளைத் திருகாணி மென்மையானது, தேக்கில் திருகும்போது தலை ஒடியும். கட்டாயம் வேண்டுமென்றால் துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியைத் திருகிக் கழற்றிவிட்டு, பித்தளையில் மெழுகு தடவித் திருகுங்கள். அதைவிட எளியது உள்வரி. ஐந்தாவது பலகையிலிருந்து எடுத்த தகடுகளை உடம்பின் உட்சுவரில் நாலு பக்கமும் பொருத்தி, விளிம்புக்கு மேல் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். மூடி அதன் மேல் இறங்கி உட்காரும். உள்வரி போட்ட பிறகும் ஏ5 நோட்டுப் புத்தகம் ஒன்று தாராளமாகப் படுக்கும். பழைய இன்லேண்டு கடிதங்களும் வளையல்களும் கொள்ளும்.

பாலிஷுக்கு நான் சொல்வது அரக்கு. அரக்குப் பூச்சி மரக்கிளையில் கட்டும் பிசின்தான் அது. தகடாகக் கடையில் கிடைக்கும், ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் கரைந்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கிலும் நன்றாகப் பிடிக்கும். துணிப் பொட்டலத்தில் தொட்டு மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது என்று போட வேண்டும். சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது அரக்கின் குறை. உங்கள் டீயை அந்தப் பக்கம் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் போடுபவர்களும் உண்டு. வெளிப்பக்கம் போடலாம். உள்ளே போட்டால் மூடிய பெட்டிக்குள் எண்ணெய் சிக்கு வாடை வீசும், வைத்த பட்டுத் துணியெல்லாம் அதே வாடை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடவும் கூடாது. காய்கிறபோது சூடு பிறந்து தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெயிலில் காயப்போட்டு, காய்ந்த பிறகுதான் குப்பைக்கு.

இடிக்கிற வீடு எல்லோருக்கும் இருக்காது. மரத்துக்கு வேறு வழியும் உண்டு. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய கதவும் சாமானும் இன்றும் வருகின்றன. பர்மாவில் தொழில் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்கு அதில் நிறைய. 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தத் தொழிலும் வரத்தும் முறிந்தன. ஆனால் அங்கே வேலைப்பாடுள்ள கதவைப் பெட்டிக்காக வாங்கி அறுக்காதீர்கள், பாவம். ஒடிந்த சட்டம், துண்டுக் கட்டை என்று கேளுங்கள். எல்லா ஊர் இடிமானச் சாமான் கடையிலும் அது கிடக்கும். துறைமுகச் சரக்கோடு வரும் பைன் பெட்டி மரத்திலும் செய்யலாம். அதில் கதிர் படம் போட்ட ஒரு முத்திரை இருக்கும். எச்டி (HT) என்று ஆங்கில எழுத்து இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடுபடுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை தெரிந்தால் எந்த முத்திரையானாலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று: மூடிப் பலகைகள் இரண்டிலும் எட்டு அங்குலம் போல மிச்சமாகும். அதை எறிந்துவிடாதீர்கள். அரக்கு எவ்வளவு அடர்த்தியாகக் கரைக்க வேண்டும், எத்தனை பூச்சில் நிறம் திரளும், கறுப்பு வளையம் பாலிஷுக்கு அடியில் எப்படித் தெரியும் என்பதையெல்லாம் முதலில் அந்தத் துண்டுகளில் பூசிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்கு வாருங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு வாரமாவது மூடியைத் திறந்து வையுங்கள், ஸ்பிரிட் வாடை போகட்டும். பாலித்தீன் தாளில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். புது அரக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி போதும்.